இரண்டாவது தாள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவில், கரும்பச்சைத் திரவம் நிரம்பிய சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா மதுரையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு வந்திருந்தபோது, அதை ஏதோ கஷாயம் என்று எண்ணி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டார். அது மாட்டின் பித்தநீர் என்று நான் சொன்னதும், வாழ்நாளில் முட்டையைக்கூடத் தொட்டறியாத அவர், ஒன்றும் பேசாமல் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். அவர் இங்கே இருந்த ஆறு வாரமும் அந்தப் புட்டி பால்கனிக் குளிரில் நின்றது. "இத வச்சுக்கிட்டு அப்படி என்னதான்டி பண்றே?" என்று ஒரு நாள் அவரே கேட்டார். பதில் சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று தோன்றியதால், பின்னறையில் தொட்டியின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன்.

எப்ரு என்பது கெட்டியாக்கிய நீரின் மேல் நிறங்களைத் தெளித்து மிதக்கவிட்டு, அவை கொள்ளும் உருவத்தை ஒரு தாளில் ஒற்றி எடுக்கும் துருக்கியக் கலை. மேகம் என்று பொருள்படும் 'அப்ர்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள் சிலர். 'ஆப்ரூ', அதாவது நீரின் முகம், என்பதே மூலம் என்பார்கள் வேறு சிலர். தாளைப் பார்க்கிறவர்கள் மேகத்தின் பக்கமும், தொட்டியின் முன் நிற்கிறவர்கள் நீரின் பக்கமும் சாய்வதை நான் கவனித்திருக்கிறேன். 2014-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு மணி நேரப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. என் முதல் எப்ருவும் அப்படியொரு பட்டறையில் செய்ததுதான். சொட்டு மருந்துக் குப்பியில் தயாராக வைத்திருந்த சிவப்பை விட்டு, ஊசியால் மூன்று முறை இழுத்ததும் ஒரு துலிப் மலர் வந்துவிட்டது. அதைச் சுருட்டிக்கொண்டு கப்பலில் வீடு திரும்பும்போதே எனக்குச் சிறு கூச்சமாக இருந்தது. சமைத்து வைத்த குழம்பில் கடைசியாகக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, குழம்பு வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வது போன்ற கூச்சம்.

தொழிலால் நான் புத்தக வடிவமைப்பாளர். தாத்தாவின் மளிகைக் கடைப் பேரேடுகளின் உள்ளட்டையில் நீலமும் பழுப்புமாக நெளியும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சிறு வயதில் கணக்கைவிட அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை அவர் 'மார்பிள் பேப்பர்' என்பார். ஐரோப்பியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் 'துருக்கியக் காகிதம்' என்ற பெயரிலேயே இதை அறிந்து, தாங்களும் செய்யப் பழகி, புத்தகங்களின் உள்ளட்டையில் ஒட்டினார்கள். ஆங்கிலேயரின் பைண்டிங் முறையோடு அது நம் ஊர்ப் பேரேடுகள்வரை வந்து சேர்ந்தது. ஆகவே உஸ்குதாரில் ஒரு கடையின் மாடியில் எப்ரு சொல்லித்தரும் முதியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, நான் கற்கப் போனது ஓவியம் அன்று, உள்ளட்டைத் தாள். அவரிடமும் அப்படியே சொன்னேன். ஹோஜா (ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

உஸ்குதார் இருப்பது, இஸ்தான்புல்லை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில். எப்ருவின் கடந்த இரு நூற்றாண்டு வரலாற்றை இங்கே நடந்தே பார்த்துவிடலாம். மேட்டில் சுல்தான்தெபேயில் இருக்கிறது உஸ்பெக்குகளின் மடம். மத்திய ஆசியாவிலிருந்து மெக்காவுக்குப் போகும் யாத்திரிகர்கள் தங்குவதற்காக எழுந்த சூஃபி மடம். புகாராவில் இக்கலையைக் கற்ற ஷேக் சாதிக் எஃபெந்தி அங்கே தலைவராக இருந்து 1846-இல் மறைந்தார். அவர் தம் மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் எத்ஹெம் எஃபெந்தி, தச்சும் நெசவும் அச்சும் இயந்திர வேலையும் தெரிந்தவர். அதனால் 'ஆயிரம் கலை அறிந்தவர்' என்ற பொருளில் ஹெஸார்ஃபென் என்று அழைக்கப்பட்டவர். அவருடைய மாணவர் நெஜ்மெத்தின் ஒக்யாய், எழுத்தோவியர், வில்லாளி, ரோஜா வளர்ப்பவர். எப்ருவில் இன்று எல்லாரும் படம்பிடிக்கும் மலர்களைச் செப்பமான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவருடைய உறவினரும் மாணவருமான முஸ்தஃபா துஸ்குன்மான் 1990-இல் இறக்கும்வரை எப்ருவை விடாமல் செய்துவந்தார். உஸ்குதாரில் ஒரு நாட்டு மருந்துக் கடை நடத்தியதுதான் அவர் பிழைப்பு. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. பிசினும் வேரும் விதையும் பொட்டலம் கட்டிக்கொடுக்கிற கைக்கு இந்தக் கலையின் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஏனென்றால், பாதிக்கும் மேற்பட்ட வேலை சரக்கைப் பக்குவப்படுத்துவதுதான். தொட்டியில் ஊற்றும் நீர் வெறும் நீராக இருந்தால் நிறம் நிலைகொள்ளாது. அனத்தோலியாவின் வறண்ட மேடுகளில் வளரும் ஒரு முட்புதரைக் கீறினால் கசிந்து இறுகும் பிசினைக் கித்ரே என்பார்கள். அதை இரண்டு நாள் ஊறவைத்து, கையால் கரைத்து, துணிப்பையில் பிழிந்து வடிகட்ட வேண்டும். நான் 5 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் போடுகிறேன். பதம் எது என்று கேட்டால் ஹோஜா 'போஸா மாதிரி' என்பார். அது இங்கே குளிர்காலத்தில் குடிக்கும் புளித்த தானியக் கூழ். எனக்கு அது வடித்த கஞ்சியின் பதம் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. ஊசியால் ஒரு கோடு இழுத்தால், கோடு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பின்னோக்கிச் சுருண்டால் கஞ்சி கெட்டி, மேலும் ஓடினால் தண்ணீர். கித்ரேக்குப் பதிலாகக் கடற்பாசி, சீமைமாதுளை விதை, ஏன், வெந்தயம்கூடப் பயன்படும். ஊறிய வெந்தயத்தின் வழவழப்பை அறிந்த எந்தத் தமிழ்ச் சமையலறையும் இதை நம்பும். ஆனால் நான் ஒருமுறை செய்து பார்த்தபோது வீடு முழுக்க மூன்று நாள் தோசை மாவு வாசனை அடித்ததோடு சரி. வடிகட்டியும் போகாத துகள்கள் தாளெங்கும் புள்ளி வைத்தன.

நிறங்கள் பெரும்பாலும் மண்ணும் கல்லும் புகைக்கரியும்தான். பளிங்குப் பலகையில் பொடியைக் கொட்டி, கொஞ்சம் நீர் விட்டு, தெஸ்தெசெங் எனப்படும் தட்டையான அடிப்பாகம் கொண்ட கல்லால் எட்டு வடிவில் சுழற்றி அரைக்க வேண்டும். பாரசீகத்தில் அச்சொல்லுக்குக் கைக்கல் என்று பொருள். பார்த்தவுடன் எனக்கு அது குழவிதான். பழைய நிறப்பட்டியலில் இருக்கும் பெயர்களை ஹோஜா வாசித்தபோது எனக்கு ஒவ்வொன்றும் வேறு முகம் காட்டியது. 'லாகூர் நீலம்' என்றார், அவுரி. 'லோக்' என்றார், அரக்கு. 'ஸிர்னிக்' என்ற மஞ்சள் எது என்று தேடிப்போனால், நம் நாடக நடிகர்கள் ஒரு காலத்தில் முகத்தில் பூசியதும், அதனாலேயே ஒப்பனைக்கே பெயராகிவிட்டதுமான அரிதாரம் என்று தெரிந்தது. அதில் ஆர்சனிக் இருப்பதால் நான் தொடுவதில்லை. இரும்புச் சத்துள்ள மஞ்சள் மண்ணே எனக்குப் போதும். அவுரிதான் அரைக்க அரைக்கப் பிடிவாதம் காட்டும். தண்ணீரில் ஒட்டாமல் பலகையின் ஓரங்களுக்கு ஓடும். ஒரு கைப்பிடியை வெண்ணெய்போல் ஆக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆகின்றன.

தூரிகையையும் நாமே கட்ட வேண்டும். ரோஜாக் கிளையின் முனையைச் சுற்றிக் குதிரைவால் முடியை, நடுவே குழிவாக இருக்கும்படி, நூலால் இறுக்குவோம். ரோஜாக் கிளை எளிதில் வளையும், நீரில் கிடந்தாலும் சட்டென்று பூஞ்சை பிடிக்காது. நடுவிலுள்ள குழிவு நிறத்தைத் தேக்கிவைத்து, தூரிகையை இடது சுட்டுவிரலில் தட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். இந்தத் தட்டலை ஒழுங்காகக் கற்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. கை உயரமாக இருந்தால் துளி கனத்து மூழ்கிவிடும். தாழ்ந்தால் எல்லாம் ஒரே இடத்தில் குவியும்.

இனிப் பித்தநீருக்கு வருகிறேன். அரைத்த மண்ணை அப்படியே கஞ்சியின் மேல் விட்டால் அது கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்துவிடும். பித்தநீர் நிறநீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அதனால் துளி மூழ்காமல் மேலே வட்டமாக விரிகிறது. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காததற்கும் அதுவே காரணம். இரண்டாவது நிறம் முதல் நிறத்தின் மேல் ஏறுவதில்லை. அதைத் தள்ளித் தனக்கு இடம் பிடிக்கிறது. தள்ள வேண்டுமானால், பின்னால் வருவதில் முன்னால் போனதைவிடப் பித்தநீர் கூடுதலாக இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதற்கு அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு விதம். ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, ஒரு நாள் வைத்து, சோதித்து, இன்னொரு சொட்டு. கசாப்புக் கடைக்காரரிடம் சொல்லிவைத்துப் பித்தப்பையை வாங்கிவந்து, புட்டியோடு கொதிநீரில் நிறுத்திச் சூடாக்கி, மிதக்கும் கொழுப்பை நீக்கி வடித்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் சினிமாவுக்குப் போய்விடுவார்.

எல்லாம் தயாரானபின் ஹோஜா எனக்குக் கொடுத்த வேலை பத்தால். துளிகளைத் தெளித்து, ஊசியோ சீப்போ படாமல், விழுந்தது விழுந்தபடி தாளில் எடுக்கும் முதல் வகை அதுதான். பளிங்குக்கல்போல இருக்கும். மற்றவை எல்லாம் அதன்மேல் கட்டப்படுகின்றன: ஊசியால் இணைகோடுகளாகப் போயும் வந்தும் கீறினால் கெல்கித், அதாவது 'வா-போ', வட்டம் வட்டமாகச் சுழித்தால் புல்புல் பறவையின் கூடு, துளிக்குள் துளியாக விட்டு ஊசியால் இழுத்தால் ஹதீப். வகுப்பில் என்னோடு சேர்ந்தவர்கள் நான்கு மாதத்தில் புல்புல் கூட்டுக்குப் போனார்கள். என்னை மட்டும் அவர் பத்தாலிலேயே நிறுத்திவைத்தார். "நீ உள்ளட்டைத் தாள் செய்ய வந்தவள் அல்லவா மகளே," என்றார். "புத்தகத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இந்தத் தாளைப்போல இன்னொன்று எடுத்துக் காட்டு."

எப்ருவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, ஒரு தாளைப்போல இன்னொரு தாள் வராது என்பதைத்தான். அது உண்மை. அந்த உண்மைக்குச் சந்தை மதிப்பும் இருந்திருக்கிறது: 1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை வெளியிட்ட 20 டாலர் தாள், கள்ள நோட்டைத் தடுப்பதற்காக, பெஞ்சமின் பிராங்க்ளின் வரவழைத்துக் கொடுத்த, ஓரத்தில் நிற நெளிவுகள் கொண்ட காகிதத்தில் அச்சிடப்பட்டது. ஆனால் இந்த உண்மையைச் சொல்லிவிட்டு உடனே 'எல்லாம் நீர் செய்கிறது, கலைஞர் தன்னை விட்டுக்கொடுக்கிறார்' என்ற பேச்சுக்குத் தாவும்போது எனக்குப் பொறுமை போய்விடும். சூஃபி மடத்தில் வளர்ந்த கலை என்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை ஒட்டிக்கொள்கிறது. என் அனுபவத்தில், 'நீர் செய்தது' என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், நான் செய்யாமல் விட்ட ஏதோ ஒன்று இருந்தது. ஜன்னலைச் சாத்தவில்லை, தூசு விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தூசும் ஓர் ஓட்டை. தாளை ஒரு முனையிலிருந்து சாய்த்துப் படுக்கவைக்காமல் தொப்பென்று போட்டேன், காற்று சிக்கியது; அந்த இடம் வெள்ளையாக நின்றது. தாளை எடுக்கும்போது தொட்டியின் விளிம்பில் உரசி இழுக்காமல் தூக்கினேன், கஞ்சி வழிந்து நிறத்தைக் கரைத்தது.

ஹதீப் என்ற வகைக்குப் பெயர் கொடுத்தவர் இஸ்தான்புல்லின் அயா சோஃபியா பள்ளிவாசலில் பிரசங்கம் செய்த ஹதீப் மெஹ்மெத் எஃபெந்தி. 1773-இல் அவர் வீடு தீப்பற்றியபோது, எப்ருத் தாள்களைக் காப்பாற்ற உள்ளே போய்த் திரும்பாமல் இறந்தார் என்று சொல்வார்கள். அவர் வகையின் சிறப்பே ஒழுங்குதான்: ஒரே அளவு இடைவெளியில், ஒரே அளவு வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். நீரை அதன்போக்கில் விட்டவர் செய்யக்கூடிய வேலை அன்று அது.

ஆகவே என் பழக்கம் ஜோடி சேர்ப்பது என்றாயிற்று. எட்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். மலர்கள் செய்யத் தெரியும், செய்வதில்லை. நீரின் மேல் ஒரு மலரை வரைவதைவிட, காகிதத்தில் வரைந்த மலர் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்; அதை ஹோஜாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜோடி என்றால் நகல் அன்று. ஒரே மலையிலிருந்து வெட்டிய இரண்டு கல் பலகைகள்போல இருந்தால் போதும்: துளிகளின் சராசரி அளவு, நரம்புகளின் தடிப்பு, மூன்று நிறங்களுக்கும் இடையிலான பங்கீடு. என் தொட்டி 35-க்கு 50 செ.மீ. அளவு. முதலில் காவி மண்ணைத் தெளிப்பேன்; இருபது தட்டல். அது பரப்பை நிரப்பும். பிறகு மஞ்சள், பதினைந்து. காவி ஒதுங்கித் தடித்த கோடுகளாகும். கடைசியில் பித்தநீர் அதிகமுள்ள அவுரி, பத்தே தட்டல். அது பெரிய கற்களாக விரிந்து, காவியையும் மஞ்சளையும் நசுக்கி மெல்லிய நரம்புகளாக்கிவிடும். தாளைப் படுக்கவைத்து, பத்து நொடி பொறுத்து, விளிம்பில் உரசியபடி என் பக்கம் இழுப்பேன். அம்மா முக்காலியிலிருந்து பார்த்தது இதைத்தான். இழுத்து முடித்தபோது, தொட்டியில் மிச்சமிருந்த வெறும் கஞ்சியைக் காட்டி, "எல்லாம் அதுலேயே போயிருச்சா?" என்று கேட்டார். ஏறக்குறையப் போயிருந்தது. போகாத மிச்சத்தைச் செய்தித்தாளை நீளமாகக் கிழித்து, தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழுத்து அகற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்காக மட்டும் அன்று இது. நீர் சும்மா இருந்தாலே பாலாடைபோல ஒரு படலம் கட்டும், தவிர முந்தைய தாளின் பித்தநீரும் மேலே தங்கியிருக்கும். அது தங்கினால் அடுத்த துளிக்கு விரிய வலு இருக்காது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பைண்டர், கையால் கட்டிய 12 நோட்டுப் புத்தகங்களுக்கு உள்ளட்டை கேட்டார். 24 தாள்கள், 12 ஜோடிகள். புதிதாகக் கித்ரே கரைத்து, நிறங்களை ஒரு வாரம் பக்குவப்படுத்தி, சனிக்கிழமை காலையில் முதல் துளியைத் தெளித்தேன். காவி சுருங்கிக் கடுகளவு உருண்டைகளாக நின்றது. பித்தநீரைக் கூட்டினேன், உருண்டை விரியவில்லை. அவுரி நேராக அடியில் போயிற்று. நிறத்தைச் சந்தேகித்தேன், தண்ணீரைச் சந்தேகித்தேன், அன்றைக்கு வீசிய தெற்குக் காற்றைக்கூடச் சந்தேகித்தேன். மாலையில் தொலைபேசியில் ஹோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வடிகட்டும் துணிப்பையை எதில் துவைத்தாய் என்றார். சோப்பில் துவைத்திருந்தேன். நன்றாக அலசவில்லை. பரப்பு முழுவதையும் சோப்பு முன்னதாகவே பிடித்துக்கொண்டிருந்தால் பித்தநீருக்கு அங்கே என்ன வேலை? 5 லிட்டரையும் கழிப்பறையில் கொட்டினேன். ஒரு வாரம் தள்ளித் தொடங்கியதில், வேலை முடிய மூன்று வாரம் பிந்தியது. பைண்டர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை வேறொருவரிடம் கொடுத்தார்.

அந்த 12 ஜோடிகளையும் கொடுப்பதற்கு முன் உஸ்குதாருக்கு எடுத்துப்போனேன். பின்பக்கம் பென்சிலால் 1, 2 என்று எண் போட்டிருந்தேன். ஹோஜா மேசையைத் துடைத்து, முதல் ஜோடியை அருகருகே பரப்பி, தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். எனக்கு அவை ஒன்றுபோலவே தெரிந்தன. உண்மையைச் சொன்னால், திருப்பிப் பார்க்காமல் எது முதலாவது என்று எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவர் வலப்பக்கத் தாளின் மேல் விரலை வைத்தார்.

"இது இரண்டாவது."

திருப்பினேன். 2 என்று இருந்தது. எப்படித் தெரிந்தது ஹோஜம் என்றேன். நீலக் கற்களை நகத்தால் அளந்து காட்டினார். வலப்பக்கத்தில் இருந்தவை ஒரு நூலளவு சிறியவை. பிறகு தேநீரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே செய்தித்தாளை இன்னொரு முறை இழுத்திருக்க வேண்டும் என்றார்.